உப்பில்லாத மாவு

விளையாட்டு விடுதி, திருச்சி
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு அபிதா எழுதுவது.

நான் இங்கே சுகம், வயிறு ஒன்றைத் தவிர. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? சேவூரில் மழை உண்டா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இங்கே எங்கள் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் ஆளுக்கு இரண்டு நிமிடம். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் காது எல்லாம் நம் பக்கம்தான். வயிற்றுப்போக்கைப் பற்றி அங்கே நின்று எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம். நம் தெருவுக்குக் கடிதம் வந்து எத்தனை காலம் ஆயிற்றோ, தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இருக்கும் எடைப் பிரிவில் என்னைவிட நன்றாகப் பளு தூக்கும் இரண்டு பெண்கள் இதே விடுதியில் இருக்கிறார்கள். அதனால் பயிற்சியாளர் ரேணுகாதேவி மேடம் என்னை அடுத்த பிரிவுக்கு ஏறச் சொல்கிறார். ஐந்து கிலோ ஏற வேண்டும். கொழுப்பாக ஏறினால் பிரயோஜனம் இல்லை, தசையாக ஏற வேண்டும். அக்டோபரில் தேர்வு. அதற்குள் என் எடையும் ஏறி, நான் தூக்கும் எடையும் ஏறியிருந்தால் இங்கே இடம் நிற்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சேவூர்தான்.

எல்லாருக்கும் காலையில் முட்டை, மதியம் கோழி. எனக்குச் சாதம், சாம்பார், ஒரு வாழைப்பழம். பால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். அசட்டுத் தைரியத்தில் இங்கே குடித்துப் பார்த்தேன். அந்த வாரம் பளுவைத் தூக்கியதைவிடச் சொம்பைத் தூக்கியதுதான் அதிகம்.

மேடத்திடம் வேண்டுதல் கதையைச் சொன்னேன். பதினொரு வயதில் உனக்கு முகமும் காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது, அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு படவேட்டுக்குப் போய், "என் புள்ள பொழச்சா, பொறக்கற கொழந்த கவிச்சி தொடாம வளரும் தாயே" என்று ரேணுகாம்பாளிடம் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். பேர் அண்ணாமலை அம்மனுக்கு, நாக்கு படவேட்டு அம்மனுக்கு என்று நான் பிறக்கும் முன்பே பங்கு பிரித்துவிட்டார்கள். மேடம் கேட்டுவிட்டு, "அம்மா வேண்டிக்கினா அம்மா சாப்பிடாம இருக்கட்டும். நீ இன்னாத்துக்கு?" என்றார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன்.

ஒரு ரேணுகா தின்னாதே என்கிறாள், இன்னொரு ரேணுகா தின்னு என்கிறாள். நடுவில் நான் முழிக்கிறேன். என்ன செய்யட்டும் என்று நீ சொல்.

அண்ணிக்கு என் அன்பு.
அபிதா

*

ரேணுகாம்பாள் துணை

சேவூர்
15 ஜூன் 2025

அன்புத் தங்கை அபிதகுசாம்பாளுக்கு,

உன் கடிதம் வந்தது. பரிமளா சுகம். தறி சுகம். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, குட்டிகளும் சுகம். நேற்று ஒரு தூறல் போட்டது, புழுதி அடங்கவில்லை.

முட்டை இல்லாமல் தசை ஏறாது என்று யார் சொன்னது? யானை எந்த ஊரில் முட்டை தின்றது என்று கேட்க நினைத்தேன். அப்புறம் உன்னை யானை என்று சொன்னதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

போன வியாழக்கிழமை ஒரு வேலையாக வேலூர் போயிருந்தேன். அங்கே உணவைப் பற்றிப் படித்த ஒரு அம்மாவிடம் உன் கதையைச் சொல்லிக் கேட்டேன். தசை கட்ட உடம்புக்கு ஒன்பது சரக்கு சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டுமாம். முட்டையில் ஒன்பதும் போதிய அளவுக்கு இருக்கிறது. அரிசியில் லைசின் என்று ஒன்று குறைவு. பருப்பில் அது தாராளம், ஆனால் மெத்தியோனின் என்று வேறொன்று குறைவு. அது அரிசியிலும் எள்ளிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. பாவு மட்டும் இழுத்துக் கட்டினால் அது வெறும் நூல், குறுக்கே ஊடை ஓடினால்தான் சேலை. சோறு பாவு, பருப்பு ஊடை. உங்கள் விடுதி சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இத்தனை நாள் பாவை மட்டும் தின்றுவிட்டுச் சேலை எங்கே என்று கேட்டால் எப்படி?

நீ ஏற வேண்டிய எடைக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிராம் புரதமாவது வேண்டும் என்றார் அந்த அம்மா. களம்பூர் அரிசி, கொள்ளு, பொட்டுக்கடலை, மல்லாட்டை (அந்த அம்மா வாயில் வேர்க்கடலை), கறுப்பு எள் எல்லாவற்றையும் நானே வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து, ஒரு பெரிய டப்பாவில் அனுப்புகிறேன். காலையும் மாலையும் கூழிலோ தண்ணீரிலோ கரைத்துக் குடி. மீல்மேக்கர் போடும் நாளில் வெட்கப்படாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கு. சோயாவில் ஒன்பதும் இருக்கிறதாம்.

எனக்கு வீங்கியதற்கு நீ பதினெட்டு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாய். பதிலுக்கு நான் மாவு வறுப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

உன் அண்ணன்
லோகநாதன்

*

திருச்சி
29 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். வயிறும் சுகம். உன் டப்பா வந்து சேர்ந்தது. திறந்ததும் வறுத்த எள் வாசனை அறை முழுக்கப் பரவி, பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் கையை நீட்டினார்கள். ஆளுக்கு ஒரு வாய் போட்டுவிட்டு எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிப் போய்விட்டார்கள். ஏன் தெரியுமா? உப்பு இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. சப்பென்று இருக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அம்மா சொல்வாளே, மறந்துவிட்டாயா? எதைச் செய்தாலும் முதல் வாய் நீதானே போடுவாய், இதை ஏன் ருசி பார்க்கவில்லை?

திட்டிவிட்டேன், இனி நல்ல செய்தி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. ஒரே இழுப்பில் தலைக்குமேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் மூன்று கிலோ கூடப் போட்டுத் தூக்கினேன். மேடம் டப்பாவை மோந்து பார்த்தார். நீ சொன்ன லைசின், மெத்தியோனின் எல்லாவற்றையும் நான் ஒப்பித்ததும், உன் அண்ணன் என்ன டாக்டரா என்றார். தறி நெய்கிறவர் என்றேன்.

ஞாயிறு போனில் பின்னால் தறிச் சத்தம் கேட்டது. நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தாய், அப்படியானால் நெய்தது யார்?

அபிதா

*

சேவூர்
13 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

ஒன்றரைக் கிலோ ஏறிய சேதியைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பரிமளா சுகம். நாய்க்குட்டிகளில் ஒன்று நம் வீட்டுக்கே குடிவந்துவிட்டது.

தறியில் இருப்பது பரிமளாதான். நான் தார் சுற்றிக் கொடுக்கிறேன். எல்லா வீட்டிலும் பெண் பிள்ளை நூலைச் சுற்றிக் கொடுப்பாள், ஆண் பிள்ளை நெய்வான். நம் வீட்டில் இப்போது மாறிப்போயிற்று. தெருவில் கேலி செய்கிறார்கள். "அவ கரை என்னுதவிட நேரா வருதுடா, அதான் உட்டுட்டேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையும் அதுதான், அவள் கை சுத்தம்.

உப்பு வேண்டுமானால் அங்கேயே போட்டுக்கொள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சோற்றையும் பருப்பையும் ஒரே வேளையில்தான் சேர்க்க வேண்டும் என்று இல்லையாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாலும் உடம்பு அதே நாளில் கோத்துக்கொள்ளும். அதனால் மாவு குடிக்க நேரம் தவறிவிட்டதே என்று பதறாதே. தூக்கத்தை மட்டும் குறைக்காதே, தசை தூங்கும்போதுதான் கட்டுகிறதாம்.

அடுத்த டப்பாவை வருகிற வாரம் அனுப்புகிறேன்.

லோகநாதன்

*

திருச்சி
27 ஜூலை 2025

அண்ணா,

நான் சுகம். மூன்று கிலோவுக்கு வந்துவிட்டேன். இன்னும் இரண்டுதான் பாக்கி. கண்ணாடியில் பார்த்தால் தோள் அகலமாகத் தெரிகிறது, போன தீபாவளி ஜாக்கெட் இனி தலையில் கட்டத்தான் ஆகும்.

டப்பா வரவில்லையே? நீ சொன்ன வாரம் போய்விட்டது. அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிடியை மட்டும் பிரசாதம் மாதிரி பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், அதைத் தொட மாட்டேன். இங்கே மீல்மேக்கர் வாரம் இரண்டு நாள்தான். கடையில் பொட்டுக்கடலை வாங்கித் தின்கிறேன். ஜல்தி அனுப்பு.

அபிதா

*

திருச்சி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

நீ சுகமா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

டப்பா வரவில்லை, இரண்டு ஞாயிறாகப் போனுக்கும் நீ வரவில்லை. ஜுரம் ஒன்று வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து எடை பார்த்தால் ஏறியதில் பாதி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பளுவை இடுப்புவரை இழுத்தேன், அதற்குமேல் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடம் திட்டவில்லை. என் தட்டில் இரண்டு முட்டையை உரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சாப்பிட்டேன், அண்ணா. யாரும் வாயில் திணிக்கவில்லை. நானேதான் சாப்பிட்டேன். புதனும் சாப்பிட்டேன், வியாழனும் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி என்று யாரோ சொன்னதும் முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். வீட்டில் நீ ஒரு தும்மல் போட்டால் அம்மா என் வாயை மோந்து பார்ப்பாள். எனக்கு எட்டு வயதில் ஒரு கல்யாணத்தில் கோழிக் குழம்பில் விரலை விட்டு நக்கிவிட்டேன், அன்றைக்கென்று நீ தறியில் விரலை வெட்டிக்கொண்டாய். மறுநாள் விடிவதற்குள் அம்மா என்னைப் படவேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படித்த பெண் இதையெல்லாம் நம்பக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் வளர்ந்தது அப்படித்தான். உன் உயிர் என் நாக்கில் இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

அபிதா

*

திருச்சி
17 ஆகஸ்ட் 2025

அண்ணா,

பதில் இல்லை. மூன்று ஞாயிறாகப் போனில் நீ வரவில்லை. "அவரு வெளிய போய்க்கிறாரு" என்கிறார்கள் அண்ணி. அந்தக் குரல் சரியில்லை. முட்டையை நிறுத்திவிட்டேன். சாதமும் ரசமும்தான். கோபம் என்றால் திட்டியாவது எழுது.

அபிதா

*

சேவூர்
22 ஆகஸ்ட் 2025

அபிதாவுக்கு அண்ணி எழுதுவது.

சுகமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஐசியுவிலிருந்து வெளியே கொண்டுவந்து ஐந்து நாள் ஆகிறது.

துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். உன் கடிதங்கள் கதவுக்குக் கீழே கிடந்தன. நான்தான் பிரித்துப் படித்தேன்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவ எறங்கி வந்துடுவா பரிமளா. வந்தா திரும்பிப் போவமாட்டா" என்றார். இத்தனை நாள் காப்பாற்றினேன். நீ மூன்று ஞாயிறு கேட்ட பிறகு, இனிமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்குத்தான் கேடு. நீ முட்டை சாப்பிட்ட செவ்வாய்க்கு மறுநாள்தான் அவருக்கு மூச்சு முட்டியது. நான் பி.காம். படித்தவள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளிடம் புத்தி எவ்வளவு நேரம் பேசும்? உன் கடிதத்தைப் படித்தபோது உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

கடிதங்களை அவரிடம் கொடுக்கப்போகிறேன்.

பரிமளா

*

திருச்சி
27 ஆகஸ்ட் 2025

அண்ணா,

அண்ணியின் கடிதம் வந்த அன்றே வார்டன் போனில் கூப்பிட்டேன். நீயே எடுத்தாய். "வராத. நான் எழுதறேன், அத படிச்சிட்டு அப்புறம் உன் இஷ்டம்" என்றாய். நான் அழுததில் நீ அதற்குமேல் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இருக்கிறேன், ஆனால் பெட்டியைக் கட்டியாயிற்று. மேடத்திடமும் சொல்லிவிட்டேன். தேர்வுக்கு நிற்கப்போவதில்லை. ஊருக்கு வந்து படவேட்டில் தப்புக்குக் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, உன் பக்கத்திலேயே இருக்கிறேன். என் கிட்னி பொருந்துமா என்று டாக்டரிடம் கேள். பளு தூக்க இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நீ எழுதியதும் புறப்படுகிறேன். அண்ணிக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானதுதான் என்று அவர்களிடம் சொல்.

அபிதா

*

சேவூர்
9 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை அபிதாவுக்கு,

பரிமளா சுகம். நாய்க்குட்டி சுகம். நான் சுகம் இல்லை. இதுவரை எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் சுகம் என்று எழுதவில்லை, எடுத்துப் பார். பொய் எழுதக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதையாக இருந்தேன். உனக்குத்தான் கவனம் போதாது.

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு தடவை வேலூர். என் ரத்தத்தை வெளியே எடுத்து, பட்டை அலசுகிற மாதிரி அலசி, உள்ளே விடுகிறார்கள். முடிந்து வந்தால் அன்று முழுக்கக் கிடக்க வேண்டியதுதான். பயமாகத்தான் இருக்கிறது. முப்பது வயதில் சாக எனக்கு ஆசை இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். எனக்குக் கால் வீங்கியது பங்குனியில். சின்ன வயதில் வந்த அதே வீக்கம்தான், அப்போதே கிட்னியில் தழும்பு விழுந்திருக்கிறது. சித்திரையில் டாக்டர், "இந்த வருஷத்துக்குள்ள மெஷினுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டார். உப்பை நிறுத்தச் சொன்னார். எனக்குத் தனி உலை, தனக்குத் தனி உலை வைக்க முடியாது என்று பரிமளா உப்பு ஜாடியையே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். காயைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தின்றேன். உன் மாவில் உப்பு ஏன் இல்லை? அன்று நம் வீட்டில் உப்பே இல்லை. நான் ஏன் ருசி பார்க்கவில்லை? கொள்ளும் மல்லாட்டையும் எனக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள்.

வேலூரில் ஒரு அம்மாவைப் பார்த்தேன் என்று எழுதினேனே, அது ஆஸ்பத்திரியில்தான். பருப்பு கூடாது, கடலை கூடாது, சோயா கூடாது, உன் கிட்னி புரதத்தைத் தாங்காது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நான், "இதெல்லாம் என் தங்கச்சிக்கு ஆகும்ங்களா?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் எனக்குச் சொன்னதைவிட உனக்குச் சொன்னதுதான் அதிக நேரம். பரிமளா வெளியே நாற்காலியில் காத்துக் காத்துத் தூங்கிப்போனாள்.

உப்பில்லாத மாவு உனக்கு வந்தது ஆனியில். நீ முட்டையைத் தொட்டது ஆடியில். எது முன்னால் வருகிறது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேள். இரண்டாவது டப்பா ஏன் வரவில்லை? ஆடி பிறந்ததும் என்னால் அடுப்புமுன் நிற்க முடியவில்லை. பரிமளா வறுக்கிறேன் என்றாள். இல்லை, நாளைக்கு நானே செய்கிறேன் என்று வீம்பு பிடித்தேன். அந்த நாளை வரவே இல்லை. நீ முட்டை தின்றதால் நான் படுக்கவில்லை அபிதா. நான் படுத்ததால்தான் நீ முட்டை தின்றாய்.

இன்னும் கேள். மெஷினில் போட்ட பிறகு அதே அம்மா வந்தார். சட்டம் மாறிவிட்டதாம். மெஷின் புரதத்தையும் சேர்த்து அலசிவிடுகிறது, அதனால் இனி நிறையச் சாப்பிட வேண்டும், பருப்பில் பொட்டாசியம் என்று ஒன்று இருப்பதால் அது அளவோடுதான், தினமும் முட்டை வெள்ளைக்கரு தின்னு என்கிறார். எந்த முட்டையை நீ தொட்டால் நான் செத்துப்போவேன் என்று அம்மா உன்னைப் பயமுறுத்தி வளர்த்தாளோ, அதைத்தான் எனக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். உப்பில்லாத வெள்ளைக்கரு. ரப்பரை மெல்லுகிற மாதிரி இருக்கிறது.

உன் கடிதங்களை என்னிடம் கொடுத்த அன்று பரிமளா அழுதாள். போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். படவேட்டில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினாள். எனக்காக வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன். "அதுக்கு டாக்டரு இருக்காரு. அபிதாவ உட்டுடு தாயே, அவ நாக்கு இனிமே அவளுதுன்னு சொல்லிட்டு வந்தேங்க" என்றாள்.

யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவனே எழுதுகிறேன். வேண்டுதல் முடிந்தது. முட்டை தின்றால் தின்னு, வேண்டாம் என்றால் விடு, ஆனால் என் உயிரை அதில் சேர்க்காதே. பெட்டியைப் பிரி. கிட்னிக்குப் பரிமளா பரிசோதனை செய்துகொள்கிறாள். அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்க எனக்கு வாய் வராது.

டப்பா தனியாக வருகிறது. பரிமளா வறுத்தது. கடையில் புதிதாக உப்பு வாங்கி உன் பங்குக்கு மட்டும் போட்டிருக்கிறாள்.

லோகநாதன்

*

திருச்சி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நாளைக்குத் தீபாவளி. விடுமுறை இரண்டு நாள்தான், போக வரவே சரியாகிவிடும் என்று மேடம் விடவில்லை. அடுத்த மாதம் வருகிறேன், திரும்பிப் போவதற்காகத்தான் வருகிறேன், பயப்படாதீர்கள்.

அண்ணா, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரசாதம் என்று வைத்திருந்த கடைசிப் பிடி. கொஞ்சம் சிக்கு வாடை வந்துவிட்டது. நாக்கில் வைத்தேன். சுத்தமாக உப்பு இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு பிடியையும் தின்று தீர்த்தேன். உப்பில்லாப் பண்டம் என்று உன்னைத் திட்டினேனே, அந்த வாயை என்ன செய்யலாம்? அப்புறம் பெட்டியைப் பிரித்து மடித்த துணியையெல்லாம் பழையபடி அலமாரியில் போட்டேன்.

தேர்வு புதன்கிழமை நடந்தது. ஐந்து கிலோவும் ஏறவில்லை, நான்கரைதான். ஆனாலும் மேல் பிரிவுக்குள் வந்துவிட்டேன், மேடம்தான் அரைக் கிலோ அதிகமாகச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். க்ளீன் அண்ட் ஜெர்க்கில் முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாவது தடவை தோள்வரை வந்ததைக் கீழே போட்டுவிட்டேன். மூன்றாவது தலைக்குமேலே போய் நின்றுவிட்டது. அடுத்த பங்குனிவரை இடம் உண்டு. அப்போது மறுபடி பார்ப்பார்களாம்.

முட்டை தினமும் என் தட்டுக்கு வருகிறது. நீ மென்றுகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு அதைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிடுகிறேன். பயத்தினால் இல்லை, அண்ணா. எனக்கு அதன் ருசி பிடிக்கவில்லை. இதை நான் சொல்லலாம் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அண்ணி, மாவில் நீங்கள் உப்பு அளவாகத்தான் போட்டிருக்கிறீர்கள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த டப்பாவில் வேண்டாம். அண்ணன் அங்கே உப்பில்லாமல் தின்னும்போது எனக்கு மட்டும் என்ன தனி உலை? எனக்குப் பழகிவிட்டது. உங்கள் பரிசோதனை முடிவு என்னவாக வந்தாலும் எனக்கு எழுதுங்கள். பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே எழுதுங்கள். என்னிடம் கேட்க அண்ணனுக்கு வாய் வராது, நான் கேட்காமலே வருவேன்.

அண்ணா, நாய்க்குட்டியின் சுகத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். இனிமேல் முதல் வரியில் உன் உடம்பைப் பற்றி எழுது.

அபிதா